வாரண்டி வேணாண்ணா

வாரண்டி வேண்டாம் என்று சொல்லியே நல்ல பேர் வாங்கியவர் அக்கா. அவருடைய வேலையோ வாரண்டி விற்பது.

சத்துவாச்சாரியில் சென்னை நெடுஞ்சாலையை ஒட்டி, பழைய வெளிநாட்டுக் கார்களை வாங்கி விற்கும் இடம் ஒன்றில் நான் வேலை பார்க்கிறேன். ஆர்.சி. பெயர் மாற்றும் காகிதங்கள் என் பொறுப்பு. பெங்களூரிலும் சென்னையிலும் ஐந்தாறு வருடம் ஓடிய பெரிய கார்கள் எங்களிடம் வந்து, குளித்து, மினுக்கிக்கொண்டு நிற்கும். புது விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைக்கும் என்பதால் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று பல ஊர்களிலிருந்து ஆள் வருவார்கள். தோல் பதனிடும் டேனரி வைத்திருப்பவர்கள், மனை விற்பவர்கள், டாக்டர்கள், கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நல்ல வண்டி வாசலில் நிற்க வேண்டும் என்று நினைக்கிற பெண் வீட்டார்.

அந்த வண்டிகளுக்குக் கம்பெனி கொடுத்த வாரண்டி எப்போதோ முடிந்திருக்கும். அதனால் எங்கள் முதலாளியே ஒரு வருடத்துக்குத் தனி வாரண்டி கொடுப்பார். வண்டி விலைக்கு மேல் ஒரு தொகை கட்ட வேண்டும். இன்ஜினோ கியர்பாக்ஸோ போனால் எங்கள் ஷெட்டிலேயே, எங்கள் செலவில் சரி செய்து கொடுப்போம். அதை விற்கிற மேசைதான் அக்காவுடையது. என் மேசைக்கு அடுத்தது.

ஐம்பதை நெருங்கிய வயது. கஞ்சி போட்ட பருத்திப் புடவை. உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றி மேசைக்கு அடியில் ஜோடியாக வைத்துவிடுவார். ஏசி காற்று கழுத்தில் பட்டால் வலிக்கும் என்று ஒரு கைக்குட்டையை நாலாக மடித்துப் பின்கழுத்தில் போட்டுக்கொள்வார். பார்த்தால் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் மாதிரி இருப்பார். வாடிக்கையாளர்கள் பாதிப்பேர் அவரை அக்கா என்றார்கள், மீதிப்பேர் மேடம் என்றார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

நான் சேர்ந்த முதல் வாரம் கணியம்பாடியிலிருந்து மனை வியாபாரி ஒருவர் வந்தார். கழுத்தில் சங்கிலி, கையில் இரண்டு கைபேசி. ஒரு வெள்ளை ஜீப்பைப் பார்த்து அதன் மேலேயே சாய்ந்துகொண்டு பேசினார். வண்டி முடிவாகிவிட்டது. அக்கா முன்னால் வந்து உட்கார்ந்ததும், "வாரண்டின்னு இன்னாவோ சொன்னாங்களே, அது போடணுமா?" என்றார்.

அக்கா கால்குலேட்டரை ஓரமாகத் தள்ளினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். முதலாளியின் கண்ணாடி அறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"வேணாண்ணா."

"இன்னாக்கா சொல்றீங்க?"

"நான் சொன்னேன்னு வெளிய சொல்லிடாதீங்க. முதலாளி காதுல விழுந்தா என் வேலை இன்னா ஆவும், யோசிங்க. அந்தக் காசுக்கு நல்லதா நாலு டயர் போடுங்க. இத எடுத்துகினு இன்னா பண்ணப்போறீங்க?"

அந்த மனிதரின் முகம் மாறிய விதத்தை நான் இன்னும் மறக்கவில்லை. விற்க உட்கார்ந்திருக்கிற ஒருத்தி தன் கம்பெனிக்கு எதிராகத் தன் பக்கம் நிற்கிறாள்! மறுநாள் ஒரு கிலோ மைசூர்பாகோடு வந்தார். அடுத்த மாதம் தன் மச்சானைக் கூட்டிவந்தார். மச்சான் இரண்டு கார் எடுத்தார்.

எனக்கு அக்காவின் மேல் பக்தியே வந்துவிட்டது. இப்படிப்பட்ட இடத்தில் இப்படியும் ஒருவர் இருக்கிறாரே என்று வீட்டில் போய்ச் சொன்னேன். அக்கா அதற்குத் தகுந்த மாதிரி, "நான் இந்த மேசைல உக்காந்து இதுவரைக்கும் ஒரு பொய் சொன்னதில்லடி" என்பார். அது உண்மை என்பது எனக்குப் பிறகு தெரிந்தது.

எல்லோரிடமும் வேண்டாம் என்று சொல்லிவிடவும் மாட்டார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் தன் கணவரோடு வந்தார். அவர்கள் எடுத்தது ஒரே ஆள் ஓட்டிய, குறைவாக ஓடிய, பூச்சுகூடக் கலையாத சாம்பல் நிறக் கார். அவர்களிடம் அக்கா வேறு ஆளாக இருந்தார். பேச்சே குறைவு. தன் கைபேசியில் ஒரு படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். ஏதோ ஒரு காரின் முன்பலகை, அதில் சிவப்பு விளக்கு எரிகிறது. அவ்வளவுதான்.

"இது இன்னாம்மா?" என்றார் தலைமையாசிரியை.

"ஒண்ணுமில்ல டீச்சர். கண்ணமங்கலம் தாண்டி, மழைல, ரோட்டோரமா ஒரு ஃபேமிலி நின்னாங்க. அவங்க அனுப்பின ஃபோட்டோ."

கணவர் படத்தை உற்றுப் பார்த்தார். தலைமையாசிரியை பேனாவை எடுத்துவிட்டார். அந்தப் படமும் பொய்யில்லை. யாரோ எங்கேயோ நின்றதுதான்.

நான் குழம்பினேன். பணக்கார வியாபாரியிடம் வேண்டாம் என்கிறார், ஓய்வூதியத்தில் வாழ்கிறவர்களிடம் விற்கிறார். உழைத்து ஓய்ந்த வண்டிக்கு வாரண்டி வேண்டாம், புதுசு மாதிரி இருக்கிற வண்டிக்கு வேண்டுமா? அந்தத் தீபாவளிக்கு இன்னொரு விஷயமும் உறுத்தியது. பாதி வாடிக்கையாளர்களை வாரண்டி எடுக்காமல் திருப்பி அனுப்பும் அக்காவுக்குத்தான் முதலாளி எங்கள் எல்லோரையும்விடப் பெரிய போனஸ் கொடுத்தார்.

பின்பக்க ஷெட்டில் சேகர் அண்ணன் என்று ஒரு மெக்கானிக் இருந்தார். வருகிற ஒவ்வொரு வண்டியையும் மேலே தூக்கி, கம்ப்யூட்டர் செருகிப் பார்த்து, என்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பது அவர் வேலை. ஒருநாள் டீ குடிக்கும்போது அவரிடம் கேட்டேன்.

அவர் சிரித்தார். "உனக்கு இன்னுமா தெரியாது? நான் ரெண்டு சீட்டு எழுதுவேன். ஒண்ணு கஸ்டமருக்கு, எல்லாத்துக்கும் டிக் போட்டு. இன்னொண்ணு அக்காவுக்கு. நான் நல்ல வண்டின்னு எழுதுனா அக்கா வாரண்டிய தலைல கட்டிடும். வாரண்டி காசு வந்துச்சு, செலவு ஒண்ணும் இல்ல. இது ஆறு மாசம்கூடத் தாங்காதுன்னு எழுதுனா, வாரண்டி வேணாம்னு சொல்லிடும். வாரண்டி இல்லன்னா நாம எதுக்கு ரிப்பேர் பண்ணப்போறோம்?"

"அப்போ அந்த ஜீப்பு?"

"டர்போ போய்ட்ச்சு. போன மாசமே. வேற எங்கியோ குடுத்துப் பாத்தாரு. கேட்டியா, இங்க வந்து ஒரு வார்த்த பேசல. அக்கா அவ்ளோ நல்லா பேசியிருக்கு."

டீ ஆறிப்போய்விட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். அதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

"சேகரு சொன்னானா?"

நான் தலையாட்டினேன்.

"நான் யார்கிட்டயாச்சும் வண்டி நல்ல வண்டின்னு சொல்லி நீ கேட்டிருக்கியா?"

யோசித்துப் பார்த்தேன். கேட்டதில்லை. வாடிக்கையாளர் 'வண்டி எப்படி' என்று கேட்டால், "உங்களுக்குப் புடிச்சிருக்கா? அதான முக்கியம்" என்றுதான் சொல்வார்.

"அப்பறம் இன்னா," என்று கைக்குட்டையை மடித்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

வேலைக்கு வெளியேயும் அவர் அப்படித்தான். ஒரு சனிக்கிழமை மிக்ஸி வாங்க வேண்டும் என்று என்னைக் கூட்டிக்கொண்டு பஜாருக்குப் போனார். கடைக்காரர் கம்பெனி தரும் இரண்டு வருடத்துக்கு மேல் கூடுதல் வாரண்டி பற்றி ஆரம்பித்ததும் அக்கா மிக்ஸியைக் கையில் எடுத்து, கவலையோடு திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏன் சார், ரெண்டு வருஷத்துக்கு மேல வராதா இது? எனக்கு ஒண்ணும் தெரியாது, நீங்களே சொல்லிட்டீங்களே" என்று பக்கத்தில் நின்ற நாலு பேருக்குக் கேட்கும்படி சொன்னார். அந்த ஆள் விலையைக் குறைத்து, வாயை மூடிக்கொண்டு பெட்டியைக் கட்டிக் கொடுத்தார். வாசலுக்கு வந்ததும் அக்கா குழந்தை மாதிரிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரிக்கும்போது எனக்கும் சிரிப்பு வரும். அதுதான் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் இடத்தைப் பெருக்கித் துடைக்கும் கனகம்மா ஒருமுறை அக்காவிடம் வந்து நின்றாள். எட்டு வருடமாக வேலை செய்கிறாள், பி.எஃப். பிடித்தம் எதுவும் கிடையாது, முதலாளியிடம் கேட்கலாமா என்று தெரிந்துகொள்ள. அக்கா அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அந்த இடத்தில் கனகம்மா நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"கேக்காத கனகம்மா. உன் நல்லதுக்குச் சொல்றேன். நீ கேட்டன்னா பெருக்குற வேலைய ஏஜென்சிக்குக் குடுத்துடலாம்னு அவரு நெனப்பாரு. ஏஜென்சிக்காரன் உன் வயசுக்காரங்கள எடுக்கமாட்டான்."

கனகம்மா அக்காவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீ சொல்லலன்னா நான் போய்க் கேட்டிருப்பன்க்கா. பொழப்பு போயிருக்கும்" என்றாள். முதலாளிக்கு எந்த ஏஜென்சியையும் தெரியாது. ஆனால் 'நினைப்பார்' என்று சொல்வது பொய்யாகுமா?

நிசார் பாய் வந்தது இதற்கெல்லாம் பிறகு. நான் எல்லாவற்றையும் தெரிந்துகொண்ட பிறகு. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாய் ஆம்பூர்க்காரர். சொந்தமாக டேனரி கிடையாது. நாலைந்து சின்ன டேனரிகளில் பதப்படுத்தும் லைனிங் தோலை, ஷூவின் உள்பக்கம் வைத்துத் தைக்கிற தோலை, வெளிநாட்டுக்காரர்களுக்குக் காட்டி ஆர்டர் பிடித்துத் தருகிற ஏஜென்ட். வெளுத்த தாடி, எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை. கையை மார்பில் வைத்து வணக்கம் சொல்வார். என்னைப் போன்ற குமாஸ்தாவையும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார்.

"வெளிநாட்டுலருந்து வர்றவங்கள வாடகை வண்டில ஏத்தினு போனா மதிக்கமாட்டேன்றாங்க மேடம்," என்றார் அக்காவிடம். "பெரிய ஏஜென்ட்டுங்கள்லாம் நல்ல நல்ல வண்டில வர்றாங்க. நம்மளப் பாத்தா இவன் இன்னா சரக்கு குடுத்துடப்போறான்னு நெனைக்கிறாங்க. அதான், பேர்ணாம்பட்ல ஒரு மனை இருந்துச்சு. குடுத்துட்டேன்."

அவர் தேர்ந்தெடுத்தது ஒரு கறுப்பு டீசல் கார். அதை அவர் சுற்றி வந்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றினார்.

சேகர் அண்ணன் அக்காவுக்கு எழுதிக் கொடுத்த சீட்டு என் மேசை வழியாகத்தான் போனது. அதில் ஒரே வரி. 'கியர்பாக்ஸ். ஆறு மாசம் வந்தா ஜாஸ்தி.'

பாயிடம் ஒரு சிக்கல் இருந்தது. அவராகவே வாரண்டி கேட்டார்.

"வாரண்டி போட்டுக்குறேன் மேடம். எனக்கு இந்த மாதிரி வண்டிங்களப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஒரு வருஷம் நிம்மதியா இருக்கும்ல?"

அக்கா அவசரப்படவில்லை. படிவத்தை எடுத்தார். நிசார் பாயின் பெயரைக்கூட அழகான கையெழுத்தில் எழுதினார். பாதியில் நிறுத்தி, பேனாவை மூடினார்.

"உங்களுக்கு எத்தினி பசங்க பாய்?"

"மூணு பொண்ணுங்க மேடம்."

அக்கா பெருமூச்சு விட்டார். கால்குலேட்டர் ஓரத்துக்குப் போனது. கண்ணாடி முந்தானைக்குள் போனது. முதலாளி தன் அறைக்குள் கைபேசியில் சீட்டாடிக்கொண்டிருந்தார். அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு அக்கா முன்னால் குனிந்தார்.

"மூணு பொண்ண வெச்சுகினு இதுல காசு போடாதீங்க. இந்தப் பேப்பர்ல பத்து கண்டிஷன் இருக்கு, படிச்சுப் பாருங்க. டயர் கெடையாது, பேட்டரி கெடையாது, சஸ்பென்ஷன் கெடையாது, ஏசி கேஸ் கெடையாது. நீங்க தெனம் ஓட்டப்போறதும் இல்ல. ஏர்போர்ட் போவீங்க, வருவீங்க. இந்தக் காச அப்டியே பேங்க்ல போட்டு வைங்க. ரிப்பேர் வந்தா அதுலருந்து எடுங்க. வரலன்னா உங்க பொண்ணுக்கு ஆச்சு."

ஒவ்வொரு வார்த்தையும் சரிதான். வேறொரு வண்டியாக இருந்தால் நானே என் அண்ணனுக்கு அதைத்தான் சொல்லியிருப்பேன்.

பாய்க்கு ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. "இன்ஜின், கியர்பாக்ஸுன்னு பெருசா எதுனா வந்துட்டா மேடம்?"

"அப்டி நடக்கணும்னு ஏன் பாய் நெனைக்கிறீங்க? நல்லதையே நெனைங்க."

பாய் தாடியைத் தடவினார். பிறகு, எதிர்பாராமல், என் பக்கம் திரும்பினார்.

"நீங்க இன்னாம்மா சொல்றீங்க?"

அந்த இடத்தில் அதுவரை யாரும் என்னிடம் எதற்கும் கருத்துக் கேட்டதில்லை. சீட்டு என் கோப்புக்குள்தான் இருந்தது. அக்கா என்னை மிரட்டவில்லை, கண் காட்டவில்லை. சொல்லப்போனால் அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மேசைமேல் கிடந்த ஒரு குண்டூசியை எடுத்து டப்பாவில் போட்டார்.

"அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும் பாய்," என்றேன்.

பயத்தில் சொன்னேன் என்றால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். உண்மையில் ஒருவர் என்னைக் கேட்டுவிட்டாரே என்ற பெருமைதான் முதலில் வந்தது. அந்தப் பெருமை முடிவதற்குள் பதில் வாயிலிருந்து போய்விட்டது. பாய் மார்பில் கை வைத்து எங்கள் இருவருக்கும் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அக்கா அந்தப் படிவத்தை நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டார்.

சேகர் அண்ணன் கொஞ்சம் தாராளமாகவே எழுதியிருந்தார். ஐந்தாவது மாதம் கியர்பாக்ஸ் போய்விட்டது. பாய் சென்னை விமான நிலையத்திலிருந்து ஒரு இத்தாலிக்காரரை ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். இரண்டு வருடமாகக் கடிதம் எழுதி, மாதிரி அனுப்பி, வரவழைத்த ஆள். பள்ளிகொண்டா பக்கத்தில் வண்டி ஒரு சத்தம் போட்டுவிட்டு நெடுஞ்சாலை நடுவிலேயே நின்றது. சித்திரை மாத வெயில். பின்னால் வந்த லாரிகள் ஹாரன் அடிக்க, பாய் குடையை அந்த மனிதர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நின்றாராம். கடைசியில் வேறொரு ஏஜென்ட் தன் வண்டியை அனுப்பி அந்த இத்தாலிக்காரரைக் கூட்டிக்கொண்டு போனார். ஆர்டரும் அந்த வண்டியிலேயே போய்விட்டது.

மறுநாள் ரெகவரி வண்டி கறுப்புக் காரை இழுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தது. முன்சீட்டில் பாய். நான் பின்பக்கம் போய்விடலாமா என்று பார்த்தேன். அக்கா அசையவில்லை. செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டார்.

பாய் உள்ளே வந்து உட்கார்ந்தார். கத்தப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். கத்த வேண்டும் என்றுதான் விரும்பினேன்.

"நீங்க சொன்னது கரெக்ட்டு மேடம்," என்றார். "அந்தக் காச பேங்க்லதான் போட்டு வெச்சேன். நடுவுல பெரிய பொண்ணுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டிட்டேன். உங்க பேச்ச முழுசா கேட்டிருக்கணும். என் தப்புதான்."

போட்டு வைத்த அந்தக் காசு அப்படியே இருந்திருந்தாலும் கியர்பாக்ஸுக்குக் கால்வாசிகூட வந்திருக்காது. அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

அக்கா அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். அவர் குடித்து முடித்ததும் டம்ளரை வாங்கி ஓரமாக வைத்தார். "இதுக்கு மேல இந்த வண்டில ஒத்த ரூபா போடாதீங்க பாய். உங்களுக்கு இது ராசியில்ல. எங்க முதலாளிகிட்ட நான் பேசுறேன். குடுக்குறத வாங்கினு விட்டுத் தள்ளுங்க. உடம்ப பாத்துக்குங்க, அது முக்கியம்."

முதலாளி கொடுத்த விலையைச் சொல்லக் கூசுகிறது. பழைய இரும்புக்கு எடுப்பதைவிடக் கொஞ்சம் கூட. பாய் எண்ணாமல் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "மேடம் இல்லன்னா இதுவும் வந்திருக்காது" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் தூக்குச்சட்டி நிறைய பிரியாணி வந்தது. கடையில் வாங்கியது இல்லை, அவர் மனைவி வீட்டில் செய்தது. கூடவே தனியாகக் கத்தரிக்காய், தயிர் வெங்காயம். பாயே பஸ்ஸில் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். அவர் போனதும் அக்கா மூடியைத் திறந்து முகர்ந்தார். இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டார்.

"ஆம்பூர்க்காரங்க கைல இன்னாவோ இருக்குடி," என்றார். விரலை நக்கிவிட்டு, "உப்புதான் ஒரு துளி கம்மி. நீ ஏன் சாப்டாம இருக்க?"

நானும் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

"டப்பாவ நல்லா சோப்பு போட்டுக் கழுவி வை. சும்மா குடுக்கக்கூடாது, உள்ள நாலு பழம் போட்டுக் குடுக்கணும். அதான் மரியாதை" என்று என்னிடம் சொன்னார். அந்த வாரமே பழத்தோடு டப்பா போயிற்று.

கறுப்புக் காருக்கு சேகர் அண்ணன் பெங்களூரிலிருந்து ஒரு நல்ல கியர்பாக்ஸ் வாங்கிப் போட்டார். இந்த முறை அவர் எழுதிய சீட்டில் 'சூப்பர்' என்று இருந்தது. குடியாத்தத்திலிருந்து பல் டாக்டர்கள் இருவர், புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள், அதைப் பார்க்க வந்தார்கள். அக்கா கைபேசியை எடுத்து மேசைமேல் வைத்தார். நெடுஞ்சாலையில், வெயிலில், குடையோடு ஒருவர் நிற்கிற படம். பக்கத்தில் கறுப்புக் கார், நம்பர் தெரியவில்லை. வண்டி நின்ற அன்று யாரோ எடுத்து, பாய் நல்ல மனதோடு அக்காவுக்கு அனுப்பிவைத்த படம். டாக்டர் பெண் "அய்யோ பாவம்" என்றாள். வாரண்டி எடுத்துக்கொண்டார்கள்.

அன்றைக்கு நான் வேலையை விடுவது என்று முடிவு செய்தேன். முடிவு செய்தேன் என்று எழுதிவிட்டேன். அதற்கு மூன்று மாதம் ஆயிற்று. சென்னையில் ஒரு பெரிய கம்பெனியில் இன்ஷூரன்ஸ் பிரிவில் வேலை கிடைத்தது. கடிதம் கையில் இருந்தது. யாரிடமும் கேட்கத் தேவையில்லை. ஆனால் நான் அதை எடுத்துக்கொண்டு போய் அக்காவிடம்தான் காட்டினேன்.

அவர் நிதானமாகப் படித்தார். முதலாளியின் அறையைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"போவாதடி. உன் நல்லதுக்குச் சொல்றேன். சென்னைல ஹாஸ்டல் சோறு உனக்கு ஒத்துக்காது. ஆறு மாசத்துல பேஜாராயி திரும்பி வருவ. அப்போ இந்த எடமும் இருக்காது."

எனக்கு எல்லாம் தெரியும். அந்தக் குரல் எதற்கு வரும், அந்தப் பார்வை எதற்கு வரும், எல்லாம் தெரியும். அந்த மாதம்தான் எங்களோடு இருந்த இன்னொரு குமாஸ்தா வேலையை விட்டு நின்றிருந்தான். நானும் போனால் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அக்காதான் அலைய வேண்டும் என்பதும் தெரியும். எல்லாம் தெரிந்தும், அவர் அப்படிக் குனிந்து எனக்காக மெதுவாகப் பேசியபோது, என்மேல் அக்கறை உள்ள ஒரே ஆள் அவர்தான் என்று தோன்றியது. வேலைக்கு வரவில்லை என்று சென்னைக்கு எழுதிப் போட்டுவிட்டேன். ஒருவேளை அந்த ஒரு தடவை அவர் நிஜமாகவே என் நல்லதுக்குத்தான் சொன்னாரோ என்னவோ. கேட்டிருந்தால், இதுவரை பொய் சொன்னதில்லை என்றுதான் சொல்லியிருப்பார்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாடியில் துணி காயப்போடும்போது அக்கா விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நான் போனபோது தெரு நிறைந்திருந்தது. அவருக்கு இவ்வளவு சொந்தமா என்று நினைத்தேன். கிட்டே போனால் எல்லாம் தெரிந்த முகங்கள். கணியம்பாடி மனை வியாபாரி மச்சானோடு நின்றார். வாணியம்பாடியிலிருந்து ஒருவர், அவர் வண்டி இன்ஜின் சூடாகிப் போனது. ராணிப்பேட்டையிலிருந்து ஒருவர், அவருக்கு ஏர் சஸ்பென்ஷன். பெயர் நினைவில்லை, வண்டிக்கு என்ன ஆனது என்பதுதான் நினைவிருந்தது. அக்கா யாரிடமெல்லாம் வேண்டாம் என்று சொன்னாரோ அவர்களெல்லாம் வந்திருந்தார்கள். வாரண்டி எடுத்தவர்கள் ஒருவரும் இல்லை. அவர்களுக்கு அக்கா தங்கள் தலையில் ஏதோ கட்டிய பெண், அவ்வளவுதான்.

நிசார் பாய் பந்தலின் ஓரத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். இப்போது அவர் ஏஜென்ட் இல்லை. சொந்தக்காரர் ஒருவரின் தோல் குடோனில் சரக்கு ஏற்றி இறக்குவதைப் பார்த்துக்கொள்கிறார். இஸ்திரி போட்ட சட்டைதான், ஆனால் காலர் நைந்திருந்தது. கையில் பெரிய ரோஜா மாலை. என்னைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டார்.

"அவங்க மாதிரி ஒருத்தர இனிமே எங்கம்மா பாக்கப்போறோம்? வேலைக்கு வெச்ச முதலாளிக்குக்கூட பயப்படாம நமக்கு நல்லது சொன்னாங்களே!"

அந்த மாலையின் விலை எனக்குத் தெரியும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவரைப் பந்தலுக்கு வெளியே, ஒரு வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு சீட்டு. கியர்பாக்ஸ், ஆறு மாதம். கிழித்துப் போட்ட படிவம். குடியாத்தத்து டாக்டர்களுக்குக் காட்டிய படம். ஒன்றையும் விடவில்லை.

பாய் முழுவதையும் கேட்டார். அழுகை நின்றுவிட்டது. மாலையிலிருந்து உதிர்ந்த இதழ் ஒன்றைச் சட்டையிலிருந்து தட்டிவிட்டார். அவர் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது வருத்தம், அதுவும் எனக்காக.

"இல்லம்மா," என்றார். "யாரோ உங்ககிட்ட தப்பா சொல்லியிருக்காங்க. செத்தவங்களப் பத்தி இப்டிப் பேசக்கூடாது."

"யாரும் சொல்லல பாய். அந்தச் சீட்ட நானே பாத்தேன். அன்னிக்கு அது என் மேசைலதான் இருந்துச்சு."

அவர் இல்லை என்று தலையாட்டினார். நிதானமாக, ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல, எனக்கு எடுத்துச் சொன்னார்.

"அப்டி இருந்தா நீங்க சொல்லியிருப்பீங்களேம்மா. உங்களத்தான நான் கேட்டேன்?"

உள்ளே மேளம் ஆரம்பித்தது. எடுக்கப் போகிறார்கள், மாலை போடுகிறவர்கள் வாருங்கள் என்று யாரோ கூப்பிட்டார்கள். பாய் மாலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு, வரிசையை நோக்கி நடந்தார்.